ஈரல் நோயாளியின் இதயம்: பழி மறைத்த ஒரு நோயின் வரலாறு

1819ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இரண்டு பாகங்களாக ஒரு மருத்துவ நூல் வெளிவந்தது. அதனை எழுதியவர் றெனே லெனெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர். பிரித்தானிப் பிரதேசத்தில் 1781இல் பிறந்தவர். நெக்கர் வைத்தியசாலையில் பணியாற்றிய காலத்தில், 1816இல், இதய நோயின் அறிகுறிகளுடன் வந்த இளம் பெண்ணொருத்தியின் மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்கத் தயங்கி, கடதாசித் தாள்களைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே இதயத் துடிப்பைக் கேட்டார். அந்தக் கடதாசிக் குழல் பின்னர் மரக்குழலாகி, இன்று வைத்தியர்களின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பாக வளர்ந்தது. அக்கருவியை உலகுக்கு அறிமுகம் செய்த நூலே 1819இல் வெளியான அந்த நூல்.

அதே நூலின் அடிக்குறிப்பொன்றில் லெனெக் இன்னொரு காரியத்தையும் செய்தார். இறந்த நோயாளி ஒருவரின் ஈரல் சுருங்கி, இறுகி, மஞ்சள் கலந்த பழுப்பு நிறக் கரணைகளால் நிறைந்திருந்ததைக் கண்டார். அந்த நிறத்தைக் குறிக்கும் 'கிர்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அந்நோய்க்கு 'சிரோசிஸ்' என்று பெயர் சூட்டினார். இன்றும் உலகம் முழுவதும் அதே பெயர்தான் வழங்குகிறது.

இதயத்தைக் கேட்கும் கருவியும் ஈரல் நோயின் பெயரும் ஒரே நூலில் பிறந்தன. ஆனால், சிரோசிஸ் நோயாளியின் இதயம் சாதாரண மனிதரின் இதயத்தைப் போன்று இயங்குவதில்லை என்பதை முறையாக அளந்தறிய மேலும் 134 ஆண்டுகள் சென்றன. அவ்வாறு அளந்ததன் முழுப் பொருளையும் மருத்துவ உலகம் விளங்கிக்கொள்ள இன்னுமொரு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தத் தாமதத்தின் கதையே இக்கட்டுரை.

நான் வைத்தியனல்லன். கலைப் பட்டதாரி. வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தி மேசையில் கழித்தவன். ஆயினும் கண்முன்னே கிடக்கும் சான்றை, முன்கூட்டியே மனதில் பதிந்துவிட்ட ஒரு முடிவு எவ்வாறு மறைத்துவிடும் என்பதைச் செய்தி மேசையில் இருந்தவர்கள் நன்கறிவர். மருத்துவ வரலாற்றிலும் அதுவே நிகழ்ந்திருக்கிறது.

குடியின் மீது விழுந்த பழி

லெனெக்குக்கு முன்னரே, 1793இல், லண்டனில் மத்தியூ பெய்லி என்னும் உடற்கூற்றறிஞர், இறுகிய ஈரல் பெரும்பாலும் மிகையாக மது அருந்துவோரிடத்தில் காணப்படுவதைப் பதிவு செய்திருந்தார். அந்த அவதானிப்பு சரியானதே. மது ஈரலைக் கெடுக்கும் என்பதில் இன்றும் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், 'மது அருந்தினால் ஈரல் இறுகும்' என்ற உண்மை காலப்போக்கில் 'ஈரல் இறுகியிருந்தால் மது அருந்தியிருக்க வேண்டும்' என்று தலைகீழாகப் புரட்டப்பட்டது. தர்க்கம் படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஊர் வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மருத்துவ வழக்கிலும் ஓரளவுக்கு அவ்வாறே நடந்தது.

மதுவோடு தொடர்பில்லாத முக்கிய காரணங்கள் பல வெளிவந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான். ஹெப்படைட்டிஸ் பீ வைரசைக் காட்டிக்கொடுத்த அடையாளத்தைப் பாருக் புளூம்பெர்க் 1965இல் அறிவித்தார். கொழுப்புப் படிவதால் உண்டாகும் ஈரல் அழற்சி மது அருந்தாதவர்களையும் தாக்குகிறது என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேர்கன் லுட்விக் 1980இல் எடுத்துக்காட்டி அதற்கொரு பெயரும் வைத்தார். ஹெப்படைட்டிஸ் சீ வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது.

இதன் விளைவு ஈரலோடு நின்றுவிடவில்லை. சிரோசிஸ் நோயாளி ஒருவரின் இதயம் பலவீனமடைந்திருந்தால், அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது. மது இதயத்தசையை நேரடியாகவே பாதிக்கும். அத்தோடு, மிகையாகக் குடிப்பவர்களுக்கு உணவுக் குறைவினால் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்து பெரிபெரி நோய் உண்டாகும். அதுவும் இதயத்தைத் தாக்கும். (பெரிபெரி என்ற பெயரே 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து சென்றது என்பர்.) ஆகவே சிரோசிஸ் நோயாளியின் இதயத்தில் கண்ட எந்தக் குறையும் மதுவின் கணக்கிலேயே எழுதப்பட்டது. ஈரலே இதயத்தைக் கெடுக்கக்கூடுமா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

பொஸ்டனில் ஓர் அளவீடு

உயிரோடுள்ள மனிதரின் இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்பதை நம்பகமாக அளப்பதற்கு வழி திறந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். ஜேர்மனியைச் சேர்ந்த வேர்னர் ஃபோர்ஸ்மன் 1929இல் தமது கை நாளத்தினூடாகத் தாமே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திப் பார்த்தார். 1940களில் நியூயோர்க்கில் அந்திரே கூர்னானும் டிக்கின்சன் றிச்சர்ட்ஸும் அம்முறையை நோயாளிகளுக்குரியதாக வளர்த்தெடுத்தனர். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சூழலில்தான், 1953இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பணியாற்றிய கொவல்ஸ்கி, ஏபல்மன் என்ற இரு வைத்தியர்கள் சிரோசிஸ் நோயாளிகளின் இதய வெளியேற்றத்தை ஓய்வு நிலையில் அளந்து வெளியிட்டனர். முடிவு எதிர்பாராதது. மெலிந்து, வயிறு வீங்கி, கட்டிலில் கிடந்த அந்த மனிதர்கள் பலரின் இதயம் குறைவாக அல்ல, வழமையைவிடக் கூடுதலாகக் குருதியை வெளியேற்றிக் கொண்டிருந்தது.

நோயாளியின் கட்டிலருகே நின்ற வைத்தியர்களுக்கு இதற்கான வெளித் தடயங்கள் முன்னரே பரிச்சயமானவை. உள்ளங்கை சூடாகவும் சிவந்தும் இருக்கும். நாடித்துடிப்பு துள்ளி அடிக்கும். குருதியமுக்கமோ தாழ்ந்திருக்கும். குருதிக்குழாய்கள் எங்கும் தளர்ந்து விரிந்திருப்பதால், அவற்றை நிரப்புவதற்கு இதயம் விரைந்து உழைக்கிறது. மருத்துவர்கள் இதனை மிகைச் சுற்றோட்டம் என்றனர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை வெளியேற்றுவது சராசரி மனித இதயம். அதற்கு மேலும் வெளியேற்றும் இதயத்தைப் பலவீனமானது என்று எவர் சொல்வர்?

இங்கேதான் மருத்துவம் வழுக்கியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பழைய நீரிறைக்கும் யந்திரம் ஒன்று கிணற்றிலிருந்து அருகிலுள்ள திறந்த வாய்க்காலுக்குத் தண்ணீரை இறைக்கும்போது வாய்க்கால் நிரம்பி ஓடும். யந்திரத்துக்கு ஒரு குறையுமில்லை என்றே தோன்றும். அதே யந்திரத்தை உயரத்திலுள்ள தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றச் சொன்னால்தான் அதன் உண்மையான வலு தெரியவரும். சிரோசிஸ் நோயாளியின் இதயம் திறந்த வாய்க்காலுக்கு நீர் இறைத்துக் கொண்டிருந்த யந்திரம். எதிர்ப்பு எதுவுமில்லாத விரிந்த குழாய்களுக்குள் குருதியைத் தள்ளிக் கொண்டிருந்தமையால் அதன் தளர்ச்சி வெளியில் தெரியவில்லை.

1960களிலும் 1970களிலும் சில ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுத்தும் மருந்தினால் குருதியமுக்கத்தை உயர்த்தியும் பார்த்தனர். எதிர்பார்த்த அளவுக்கு இதயம் ஈடுகொடுக்கவில்லை. ஆனால், சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மது அருந்தியவர்கள். எனவே பழைய விளக்கமே மீண்டும் எழுதப்பட்டது.

டென்வரிலிருந்து பிற்ஸ்பேர்க் வரை

அந்த யந்திரத்தைத் தாங்கிக்கு நீர் ஏற்றச் செய்த நிகழ்வு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையே.

அதன் முன்னோடியான தோமஸ் ஸ்டார்சல், 1926இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லே மார்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை அவ்வூரில் பத்திரிகை நடத்தியவர், விஞ்ஞானப் புனைகதைகளும் எழுதியவர் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் சிறு மகிழ்ச்சியோடு இங்கு குறிப்பிடுகிறேன். 1963 மார்ச் 1ஆம் திகதி டென்வர் நகரில், பித்தக் குழாய்கள் அடைபட்ட நிலையில் பிறந்திருந்த 3 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஸ்டார்சல் உலகின் முதலாவது ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தார். குருதிப்பெருக்கை நிறுத்த முடியவில்லை. சிறுவன் சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்தான். அவ்வாண்டில் தொடர்ந்து செய்யப்பட்ட முயற்சிகளில் எவரும் 23 நாட்களுக்கு மேல் உயிர்வாழவில்லை. முயற்சிகள் நிறுத்தப்பட்டன. 1967இல் மீண்டும் தொடங்கியபோதுதான், 19 மாதப் பெண் குழந்தையொன்று ஓராண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தது. 1968இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் றோய் கான் ஐரோப்பாவில் இதனைத் தொடக்கினார்.

1970களில் ஈரல் மாற்றப்பட்டவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. உடல் புதிய உறுப்பை நிராகரிப்பதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பின்னரே நிலைமை மாறியது. 1983 ஜூனில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, ஈரல் மாற்று இனிமேல் பரிசோதனை அல்ல, ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை என்று தீர்மானித்தது. ஸ்டார்சல் அப்போது பிற்ஸ்பேர்க் நகருக்கு மாறியிருந்தார். 1984 பெப்ரவரி 14ஆம் திகதி அவரும் அவரது சகாக்களும் 6 வயதுச் சிறுமியொருத்திக்கு ஒரே நேரத்தில் புதிய இதயத்தையும் புதிய ஈரலையும் பொருத்தினர். அவளுடைய ஈரலின் பரம்பரைக் குறைபாட்டினால் கொலஸ்திரோல் கட்டுக்கடங்காமல் பெருகி இதயத்தை அழித்திருந்தது. ஈரல் கெட்டால் இதயம் கெடும் என்பதற்கு, வேறொரு வழியிலாயினும், அதைவிட வெளிப்படையான சாட்சி தேவையில்லை. அச்சிறுமி 1990 வரை உயிர்வாழ்ந்தாள்.

கவ்வியை எடுக்கும் கணம்

ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை வாசகர்கள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஈரலை அகற்றுவதற்கு, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்குக் குருதியைக் கொண்டு செல்லும் கீழ்ப்பெருநாளத்தையும், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் வாயில் நாளத்தையும் கவ்விகளால் அடைக்க வேண்டியிருந்தது. அந்தக் கணத்தில் இதயத்துக்குத் திரும்பும் குருதி ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். 1980களின் தொடக்கத்தில் பிற்ஸ்பேர்க் குழுவினர் அந்தக் குருதியை வெளியிலுள்ள பம்பியொன்றின் மூலம் சுற்றி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தனர். பின்னர் கீழ்ப்பெருநாளத்தை முழுமையாக அடைக்காமலே புதிய ஈரலைப் பொருத்தும் முறையும் பரவியது.

அதைவிட ஆபத்தான கணம் அடுத்து வருவது. புதிய ஈரல் பொருத்தப்பட்டுக் கவ்விகள் திறக்கப்படும்போது, பனிக்கட்டியில் வைக்கப்பட்டிருந்த அந்த உறுப்பிலிருந்து குளிர்ந்த, அமிலத்தன்மை மிகுந்த, பொற்றாசியம் நிறைந்த குருதி நேராக இதயத்துக்குள் பாயும். சில நோயாளிகளின் இதயத்துடிப்பு மந்தமாகும். குருதியமுக்கம் சரியும். சிலருக்கு இதயம் நின்றும் போகும். 1987இல் பிற்ஸ்பேர்க்கைச் சேர்ந்த அகர்வாலும் சக மயக்கமருந்து நிபுணர்களும் இதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தனர். கவ்வி திறந்த முதல் 5 நிமிடங்களுக்குள் சராசரிக் குருதியமுக்கம் முன்னிருந்ததைவிட 30 வீதத்துக்கு மேல் வீழ்ந்து, குறைந்தது 1 நிமிடமேனும் அவ்வாறே நீடித்தல் என்பது அது. இன்றும் உலகெங்கும் உள்ள ஈரல் மாற்று நிலையங்களில் இந்த வரைவிலக்கணமே பெரிதும் வழங்குகிறது.

சத்திரசிகிச்சைக் கூடம் தாண்டியும் சோதனை தொடர்ந்தது. புதிய ஈரல் வேலை செய்யத் தொடங்கியதும் விரிந்திருந்த குருதிக்குழாய்கள் இறுகத் தொடங்குகின்றன. குருதியமுக்கம் உயர்கிறது. வாய்க்கால் மூடப்பட்டுத் தாங்கி திறக்கப்படுகிறது. சத்திரசிகிச்சைக்கு முன் எந்த இதயக் குறையும் கண்டறியப்படாத சிலர், அடுத்து வந்த நாட்களில் நுரையீரலில் நீர் கோத்து இதயச் செயலிழப்புக்கு உள்ளாயினர். 1988இல் ஜேர்மனியின் ஃபிறைபேர்க்கில் தொடங்கிய இன்னொரு சிகிச்சையும் இதே உண்மையை வெளிப்படுத்தியது. ஈரலுக்குள் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, தேங்கி நிற்கும் குருதியை நேரடியாக இதயத்தின் பக்கம் திருப்பிவிடும் முறை அது. திடீரெனப் பெருகி வந்த குருதியைச் சில இதயங்களால் தாங்க முடியவில்லை.

பெயர் பெற்ற நோய்

மதுவின் மீதான பழியை உடைத்தவை மது அருந்தாத உயிர்கள். 1986இல் வெளியான ஓர் ஆய்வில், காபன் நாற்குளோரைட்டு என்னும் இரசாயனம் கொடுத்துச் சிரோசிஸ் உண்டாக்கப்பட்ட எலிகளின் இதயம் பரிசோதிக்கப்பட்டது. உடலில் திரவச் சுமை கூட்டப்பட்டபோது அந்த இதயங்கள் ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்தன. எலிகளைக் குடிகாரர் என்று எவரும் சொல்ல முடியாது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஹெப்படைட்டிஸ் நோயாளிகளிடமும், பித்தக் குழாய் நோயினால் சிரோசிஸ் அடைந்தவர்களிடமும் அதே குறைகள் கண்டறியப்பட்டன.

கனடாவின் கல்கரியைச் சேர்ந்த சாமுவேல் லீ 1989இல் இச்சான்றுகளை ஒன்று திரட்டி எழுதினார். 1990இல் பாரிஸைச் சேர்ந்த டிடியே லெப்ரெக்கின் குழுவினருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, சிரோசிஸ் எலிகளின் இதயத்தில் அட்ரினலினை ஏற்கும் வாங்கிகள் மழுங்கியிருப்பதைக் காட்டியது. 1996இல் அவரும் அவருடைய சகாவும் எழுதிய கட்டுரை 'சிரோசிஸ் இதயத்தசை நோய்' என்ற பெயரையே தலைப்பாகக் கொண்டிருந்தது. 2005இல் கனடாவின் மொன்றியலில் நடைபெற்ற உலக இரைப்பை குடலியல் மாநாட்டின்போது நிபுணர்கள் கூடி அதற்கு முதல் வரைவிலக்கணத்தை வகுத்தனர். கருவிகள் வளர்ந்ததால் அதுவும் போதாமலாகி, இதயத்தசை நார்களின் நெகிழ்வையே அளந்து காட்டும் புதிய ஒலியலைச் சோதனைகளை உள்ளடக்கிய திருத்திய வரைவிலக்கணம் 2020இல் வெளியிடப்பட்டது.

காரணங்களும் ஓரளவு தெளிவாகின. இறுகிய ஈரலினூடாகக் குருதி செல்ல முடியாமல் வாயில் நாளத்தில் அமுக்கம் பெருகுகிறது. குடற் பகுதிக் குழாய்கள் விரிகின்றன. குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டு இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்ற கருதுகோளை லண்டனில் வலன்சும் மொன்காடாவும் 1991இல் முன்வைத்தனர். ஈரலால் சுத்திகரிக்கப்படாத நச்சுப் பொருள்களும் குடலிலிருந்து கசியும் கிருமிக் கூறுகளும் அழற்சியைத் தூண்டுகின்றன. இவையெல்லாம் நாட்பட இதயத்தசையின் மென்சவ்வையும் வாங்கிகளையும் மின்னோட்டத்தையும் மாற்றுகின்றன. இதயம் சுருங்குவதைவிட, சுருங்கிய பின் தளர்ந்து விரிவதில்தான் முதலில் குறை தோன்றும். மின்வரைபடத்தில் ஒவ்வொரு துடிப்பின் மின்னலையும் அடங்குவதற்கு வழமையைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

இங்கு ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். மேலே குறிப்பிட்ட லெப்ரெக்தான் 1981இல், இதயத்துடிப்பை மந்தப்படுத்தும் புறொப்ரனலோல் மாத்திரை சிரோசிஸ் நோயாளிகளின் உணவுக்குழாய் நாளங்கள் வெடித்துக் குருதி பெருகுவதைத் தடுக்கும் என்று காட்டியவர். அது பல்லாயிரம் உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால், 2005இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், சிரோசிஸ் முற்றியவர்களின் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முன்னர் அவர்களுடைய இதய வெளியேற்றம் வீழ்வதை எடுத்துக்காட்டினர். நோய் முற்றிய நிலையில் சிறுநீரகத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்த இதயத்தின் மேலதிக உழைப்பே. ஆகவே, ஒரு கட்டத்தில் காப்பாற்றும் மாத்திரையே இன்னொரு கட்டத்தில் கவனமாகக் கையாள வேண்டியதாகிறது.

இதைப் போன்றே இன்னொரு நம்பிக்கையும் சரிந்தது. சிரோசிஸ் நோயாளிகளுக்குக் குருதியமுக்கமும் கொலஸ்திரோலும் குறைவாக இருப்பதால் அவர்களுக்கு மாரடைப்பு வராது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதயத்தின் முடியுரு நாடிகளில் அடைப்பு உள்ள நிலையில் ஈரல் மாற்றம் பெற்றவர்களில் அரைவாசிப் பேர் உயிரிழந்திருந்தனர். 2014இல் வெளியான பெரும் ஆய்வொன்று, அமெரிக்காவில் ஈரல் மாற்றத்தின் பின் முதல் 30 நாட்களுக்குள் நிகழும் மரணங்களில் ஐந்தில் இரண்டு பங்களவு இதயமும் குருதிக்குழாய்களும் சார்ந்தவை என்று காட்டியது. மாற்றப்பட்டது ஈரல். உயிரைப் பறித்தது இதயம்.

ஆயினும் இக்கதையில் ஆறுதலான பக்கமும் உண்டு. 2005இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் ஈரல் மாற்றம் பெற்றவர்களின் இதயத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்டனர். தடித்திருந்த இதயச் சுவர் மெலிந்திருந்தது. உழைப்புக்கு ஈடுகொடுக்கும் திறன் திரும்பியிருந்தது. அந்த முதல் நாட்களையும் வாரங்களையும் தாண்டிவிட்டால், புதிய ஈரலே பழைய இதயத்துக்கும் மருந்தாகிறது. இதயத்தை மிகக் கடுமையாகச் சோதிப்பதும் ஈரல் மாற்றமே. அதைக் குணமாக்குவதும் அதுவே.

எங்கள் பக்கத்துக் கணக்கு

இந்தியாவில் ஈரல் மாற்று முதன்முதலாக வெற்றி பெற்றது 1998 நவம்பரில். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையார் தமது ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். சத்திரசிகிச்சை டில்லியில் நடந்தது. 1963இல் டென்வரில் இறந்த சிறுவனுக்கு இருந்த அதே நோயே அக்குழந்தைக்கும். அக்குழந்தை பின்னாளில் வளர்ந்து ஒரு வைத்தியரானார். அதன் பின்னர் சென்னை இத்துறையில் பெருநகராக வளர்ந்தது. இலங்கையிலிருந்தும் பலர் அங்கு செல்கின்றனர். 2010களில் இலங்கையிலும் இச்சத்திரசிகிச்சை தொடங்கியது.

களனிப் பல்கலைக்கழகத்தினர் 2007இல் தொடங்கிய ராகமை சுகாதார ஆய்வில், 35 முதல் 64 வயது வரையான நகர்ப்புறத்தவரில் 32.6 வீதத்தினருக்கு மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. மூவரில் ஒருவர். நீரிழிவும் உடற்பருமனும் பெருகியுள்ள எங்கள் நாட்டில், ஈரலைக் கெடுக்கும் அதே காரணங்கள் இதயத்தின் நாடிகளையும் அடைக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் சிரோசிஸ் வருவதில்லை. ஆனால், வருகின்ற சிலர் இரு சுமைகளோடும் வருகின்றனர்.

என்னோடு பத்திரிகையில் பல்லாண்டுகள் ஒப்புநோக்காளராகப் பணியாற்றிய ஒருவர் அத்தகையவர். நீரிழிவு நோயாளி. வாழ்நாளில் மதுவை நாவில் வைத்தறியாதவர். சிரோசிஸ் முற்றிய நிலையில் ஈரல் மாற்றுக்காகச் சென்னை சென்று பரிசோதனைகளை முடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். பார்க்கப் போனபோது அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஈரல்தானே அண்ணை பழுது. ஏன் இவையள் இதயத்தை இந்தப் பாடுபடுத்துகினம்? ஒரு கிழமையாய் இதயத்தைத்தான் சோதிச்சவை." அன்று அவருக்குச் சொல்வதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரைக்கான வாசிப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. பணம் சேர்ப்பதற்கு நண்பர்கள் ஓடித்திரிந்த நாட்களிலேயே அவர் காலமானார். மரண வீட்டில், முற்றத்துக் கதிரையில் இருந்த ஒருவர் மற்றவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: "ஈரல் எண்டால் வேறை என்ன, குடிதானே."

அந்த மனிதர் தீயவரல்லர். 1793 முதல் இருநூறு ஆண்டுகளாக உலகம் சொல்லி வந்ததையே அவரும் சொன்னார். படித்த வைத்தியர்களே நெடுங்காலம் விடுபட முடியாதிருந்த ஓர் எண்ணத்திலிருந்து முற்றத்துக் கதிரையில் இருந்தவர் மட்டும் விடுபட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால், அந்த எண்ணத்துக்கு ஒரு விலை உண்டு. பழிக்கு அஞ்சி நோயை மறைப்பவர்கள் வைத்தியரிடம் காலந்தாழ்த்திச் செல்கின்றனர். மது அருந்தியவர்களோ, தமக்கு வந்தது தமக்குரிய தண்டனை என்று எண்ணிச் சிகிச்சையைக் கேட்கவே கூசுகின்றனர். அவர்களும் நோயாளிகளே. அவர்களுடைய இதயமும் அளந்து பார்க்கப்பட வேண்டியதே.

நோய் யாரால் வந்தது என்று கேட்பது எளிது. விடை கிடைத்தவுடன் மேலே கேட்பதை மனம் நிறுத்திவிடும். 1953இல் கையில் கிடைத்த எண்களின் பொருள் 1990கள் வரை முழுமையாக விளங்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஈரல் நோயினால் அவதியுறும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருப்பாராயின், அவர் என்ன குடித்தார் என்று விசாரிப்பதை விட்டு, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, இதயச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். ஈரல் மாற்றுக்குப் போகும் நோயாளியிடம் இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், அது காலத்தைக் கடத்துவதற்கோ காசைக் கறப்பதற்கோ அல்ல என்று சொல்லி அவரைத் தேற்றுங்கள். கவ்வியைத் திறக்கும் அந்த ஐந்து நிமிடங்களைத் தாண்ட வேண்டியது அவருடைய இதயமே.